ஒயினைத் தெளிய வைக்கும் பாசி

தீபாவளிக்கு ஜாமூன் பாகு காய்ச்சும்போது அம்மா ஒரு ஸ்பூன் பாலை எடுத்து, கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீரில் ஓரமாக விடுவார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் சாம்பல் நிறத்தில் நுரை திரண்டு மேலே வரும். அதைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டால் கீழே பாகு கண்ணாடி மாதிரி இருக்கும். "அழுக்கு எடுக்கறேன்" என்பார். வெள்ளை வெளேரென்று இருக்கிற சர்க்கரையில் ஏது இவ்வளவு அழுக்கு என்று வியந்திருக்கிறேனே தவிர, பால் அதை எப்படிப் பிடிக்கிறது என்று யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவன் சித்தி பையன். ஆறு மாதமாக வீகன், அதாவது பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடமாட்டான். தயிரை விட்டுவிட்டான், மயிலாப்பூர் வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய துறவு என்று உங்களுக்கே தெரியும். அவன் ஒரு நாள் கேட்டான்: "அண்ணா, ஒயின்ல முட்டை போடுவாங்களாமே, நிஜமா? திராட்சைதானே அது?"

நிஜம்தான். முட்டை மட்டுமில்லை, பால், மீன், மாட்டெலும்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அவற்றின் இடத்தில் இப்போது பாசியை வைத்துப் பார்க்கிறார்கள். ஏன், எப்படி என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒன்று முன்கூட்டியே: இது வீட்டில் ஒயின் போடும் செய்முறை இல்லை. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

முதலில், கலங்கல் எங்கிருந்து வருகிறது? திராட்சைச் சாறு புளித்து முடிந்த கையோடு பார்த்தால் ஒயின் குளத்துத் தண்ணீர் போலத்தான் இருக்கும். செத்த ஈஸ்ட், தோல் துணுக்கு, கூழ் எல்லாம் மிதக்கும். கனமானவை சில நாளில் தாமாகவே அடியில் படியும். பொடிசுகள்தான் தொல்லை. பழத்திலிருந்து வந்த புரதம், தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய டானின் என்ற துவர்ப்புப் பொருள், பழத்தின் பசையான பெக்டின் மிச்சம். இவை கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பவை. ஒரே வகை மின்னூட்டம் உள்ள துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் ஒன்றுசேரவும் மாட்டா, கனக்கவும் மாட்டா, இறங்கவும் மாட்டா. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இன்னும் மோசமானது, தெளிவாக இருப்பதுபோல் நடிக்கும் ஒயின். வெள்ளை ஒயினில் சில புரதங்கள் கரைந்த நிலையில் பேசாமல் இருக்கும். பாட்டிலை மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு வந்தால், சூட்டில் அந்தப் புரதம் திரிந்து ஒயின் முழுக்க வெண்புகை போலப் படரும். குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் கெட்டுப்போனது என்றுதான் நினைப்பார்.

ஆக, மிதப்பதை ஏதாவது ஒன்று பிடிக்க வேண்டும், பிடித்துக் கனமாக்கிக் கீழே இழுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே தெளிந்ததை மண்டி கலங்காமல் இறுத்துக்கொள்ளலாம். ஒயின்காரர்கள் இதற்கென்று ஆயிரம் நுணுக்கம் சொன்னாலும் விஷயம் இவ்வளவுதான். நமக்கு இது புதிதும் இல்லை. மழைக்காலத்தில் ஊரில் மண்பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள், காலையில் மண் அடியிலும் தண்ணீர் மேலேயும் இருக்கும். சென்னையில் குழாய்த் தண்ணீரைச் சுத்திகரிக்கும்போது படிகாரம் அதே வேலையைச் செய்கிறது.

டீயில் பால் ஏன்?

ஒயினில் தெளிவு பாதிக் கதைதான். மீதிப் பாதி துவர்ப்பு.

வாழைப்பூவை நறுக்கி மோரில் போடாமல் அப்படியே ஒரு இதழ் கடித்துப் பாருங்கள். நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்பக்கம் சொரசொரப்பாகிவிடும். அது சுவை என்பதைவிட ஒரு உராய்வு. நம் எச்சிலில் வழவழப்பைத் தரும் புரதங்கள் இருக்கின்றன. துவர்ப்புப் பொருளான டானின் அவற்றைப் பிடித்துக்கொள்ள, வழவழப்பு போய்விடுகிறது. டானினுக்குப் புரதம் என்றால் அவ்வளவு பிரியம். இளம் சிவப்பு ஒயினில் இந்த டானின் அதிகம். விட்டால் வாயைக் கட்டிவிடும்.

டீக்கடை மாஸ்டர் கடும் டிகாக்‌ஷனில் பால் ஊற்றும்போது நடப்பதும் இதுதான். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் டானினைப் பிடித்துக்கொள்கிறது. நாக்கிலுள்ள புரதத்தைப் பிடிக்க டானின் மிச்சம் இருப்பதில்லை, அதனால் டீ மென்மையாகிறது. ஒயின் தயாரிப்பவர் செய்வது இன்னும் ஒரு படி மேலே: பிடித்த ஜோடியை அடியில் படிய விட்டு, வெளியே எடுத்துவிடுவார்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? கடும் பிளாக் டீ ஒரு கண்ணாடி டம்ளரில் ஆறட்டும். இரண்டு ஸ்பூன் பால், கூடவே அரை எலுமிச்சம்பழச் சாறு. பால் உடனே திரியும். கலக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். பழுப்பு நிறத் திப்பி கீழே இறங்கும், மேலே இருக்கிற டீ முன்னைவிட வெளிறித் தெளிந்திருக்கும். ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தால் துவர்ப்பு பாதியாவது குறைந்திருக்கும். எலுமிச்சை எதற்கு என்றால், ஒயின் இயல்பிலேயே புளிப்பு. புளிப்பை அளக்கும் பி.எச். எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) அதற்குப் பெரும்பாலும் 3 முதல் 4 வரை. கேசீன் 4.6 அளவிலேயே திரண்டுவிடும். அதனால்தான் ஒயினில் விட்ட பால் புரதம் திரண்டு, போகிற போக்கில் மற்றதையும் வாரிக்கொண்டு விழுகிறது.

முட்டையும் நெட்டியும்

பிரான்சின் போர்தோ பகுதியில் முட்டை வெள்ளைக்கரு பரம்பரை வழக்கம். 225 லிட்டர் ஓக் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு. அத்தனை மஞ்சள் கருவையும் என்ன செய்வது? அந்த ஊரின் பேர்பெற்ற கனலே என்ற இனிப்புப் பண்டம் அப்படித்தான் பிறந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, எந்தச் சமையலறையிலும் நம்பக்கூடிய கதை.

ஜெலட்டின் மாடு, பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. அதில் புரோலின் என்ற அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) மிகுதி. நம் எச்சிலில் டானினைப் பிடிக்கும் புரதங்களிலும் அதுவேதான் மிகுதி. அதனால் ஜெலட்டின் டானினைப் பிடிப்பதில் கெட்டிக்காரன்.

மீன் விஷயம் காசிமேட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கூறல், கத்தாழை மாதிரி மீன்களின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கும், நெட்டி என்பார்கள். மீனைவிட நெட்டிக்குத்தான் விலை. காயவைத்து ஏற்றுமதியாகும். மீன் நெட்டியிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதம் வெள்ளை ஒயினையும் பீரையும் பளிச்சென்று தெளிய வைக்கும். அயர்லாந்தின் கின்னஸ் பீர் நிறுவனம்கூட வெகுகாலம் இதைத்தான் பயன்படுத்தி வந்தது. நிறுத்தப்போவதாக அறிவித்தது 2015இல்தான்.

பெண்டோனைட் என்ற களிமண்ணும் உண்டு. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாகக் கிடைப்பது. இது எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒயினின் புளிப்பில் புரதங்கள் நேர்மின்னூட்டம் பெற்றிருப்பதால் களிமண் அவற்றை ஈர்த்துக்கொள்ளும். மலிவு, வீகனும்கூட. ஆனால் தண்ணீரில் ஊறி உப்பும் சாதி அது. அடியில் தளதளவென்று சேறாகத் தங்கி, நல்ல ஒயினிலும் ஒரு பங்கைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். டானினைப் பிடிக்கத் தெரிந்த புரதம் உலகத்தில் ஆயிரம். பிடித்தபின் மிச்சம் வைக்காமல் கீழே போய் விழுகிறதா என்பதுதான் கேள்வி. பாதியில் நின்றுவிட்டால் நாம் போட்டதே புதுக் கலங்கலாகிவிடும். அளவு மீறினாலும் அப்படித்தான். ஆகவே மொத்தத் தொட்டியில் போடும் முன் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வெவ்வேறு அளவு போட்டு ஒரு நாள் வைத்துப் பார்த்து, வேலை செய்கிற மிகக் குறைந்த அளவைத்தான் எடுப்பார்கள். லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம், மிஞ்சினால் 200, 250. கூடப் போனால் மணமும் நிறமும் சேர்ந்து இறங்கிவிடும்.

பாசி என்றால் எந்தப் பாசி?

தமிழில் பாசி என்ற சொல் பாடாய்ப் படுத்தும். குளத்துப் படியில் வழுக்குவதும் பாசி, சைனா கிராஸ் ஜெல்லி செய்வதும் கடற்பாசி, கழுத்தில் கோப்பதும் பாசி. பாசிப்பயறு தனி. இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை இரண்டே இரண்டு. அவை செய்வது நேர் எதிரான வேலைகள் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

ஒன்று, கடலில் வளரும் பெரிய பாசி. இதில் விசேஷம் புரதமில்லை, கொழகொழப்பான சர்க்கரைச் சங்கிலிகள்: அகார், ஆல்ஜினேட், காராஜீனன். காராஜீனன் எதிர்மின்னூட்டம் உடையது, அதாவது பெண்டோனைட் களிமண்ணின் பங்காளி. அது பிடிப்பது புரதத்தை. பீர் காய்ச்சுபவர்கள் ஐரிஷ் மாஸ் என்ற செம்பாசியைக் கொதிகலனில் போடுவது பழைய பழக்கம். ஒயினில் கடற்பாசிச் சர்க்கரைகளைப் போட்டுப் பார்த்து மெக்சிகோ ஆய்வாளர்கள் 2005இல் கட்டுரையே வெளியிட்டார்கள். மூலப்பொருளுக்கு நாம் எங்கும் போக வேண்டாம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது, ராமநாதபுரம் கரையில் மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை வளர்க்கிறார்கள். காராஜீனன் எடுப்பதற்கென்றே வளர்ப்பது அது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. சுருள்பாசி என்கிற ஸ்பைருலினா, குளோரெல்லா வகையறா. இங்கேதான் புரதம். காய்ந்த சுருள்பாசியில் எடையில் 55 முதல் 70 சதவீதம் வரை புரதம். துவரம்பருப்பே 22ஐ ஒட்டித்தான். (கறாராகச் சொன்னால் சுருள்பாசி பாசியே இல்லை, நீலப்பச்சை நிற பாக்டீரியா. சந்தையில் பாசி என்றே பேர் வாங்கிவிட்டது, விட்டுவிடுவோம்.) இந்தப் புரதம் முட்டை, பால், ஜெலட்டின் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போட்டி. டானினைப் பிடிக்க வேண்டும், துவர்ப்பைக் குறைக்க வேண்டும்.

சென்னைக்கும் சுருள்பாசிக்கும் உறவு பழையது. தரமணியில் 1977இல் தொடங்கிய முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில், சி.வி.சேஷாத்ரி தலைமையில், சுருள்பாசியைக் கிராமத்துத் தொட்டிகளிலேயே வளர்க்கும் வழிகளைத் தேடினார்கள். அன்றைக்கு நோக்கம் குழந்தைகளின் சத்துக்குறைவு. நம் வெயில் அதற்கு ரொம்பப் பிடிக்கும், 30 முதல் 35 டிகிரி சூடு சுகம். சமையல் சோடா கலந்த காரத் தண்ணீரில் வளர்வதால் வேறு கிருமி எளிதில் அண்டாது. துணியில் வடித்தே அறுவடை செய்யலாம்.

சரி, பொடியை வாங்கி ஒயினில் கொட்டினால் போதுமா? அந்த டீ சோதனையை நான் சுருள்பாசி மாத்திரையைப் பொடித்துச் செய்து பார்த்தேன். பால் இல்லை, எலுமிச்சை மட்டும். மறுநாள் காலையில் டம்ளரின் அடியில் கரும்பச்சை மண்டி ஒரு விரற்கடை இருந்தது. மேலே இருந்தது தெளிந்த டீயா என்றால், இல்லை. பச்சை கலந்த பழுப்பில், கழுவாத மீன் தொட்டி வாசனையோடு ஒரு திரவம். வாயில் வைக்க மனம் வரவில்லை. வீட்டில் அந்த டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார்கள்.

தப்பு பாசியின் மேல் இல்லை. நான் போட்டது புரதத்தை மட்டும் இல்லை, முழுப் பாசியையும். பச்சையம், கொழுப்பு, வாசனை எல்லாம் கூடவே போயிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் செல்லை உடைத்து, புரதத்தைக் காரத் தண்ணீரில் கரைத்து, சக்கையைச் சுழற்றிப் பிரித்து, பிறகு புளிப்பேற்றிப் புரதத்தைத் திரட்டி எடுப்பார்கள். பன்னீர் எடுக்கிற மாதிரி. சுருள்பாசிக்கு மெல்லிய உறை, எளிதில் உடையும். குளோரெல்லாவின் உறை கெட்டி, மணலோடு அரைத்தாற்போல் அரைக்க வேண்டும், மின்சாரச் செலவு ஏறும். அப்புறம் நிறம். சுருள்பாசிப் புரதத்தில் பெரும்பங்கு பைகோசயனின், நீல நிறம். ஐஸ்கிரீமுக்கும் மிட்டாய்க்கும் நீலம் தருவதே அதுதான். அதன் சாயல் துளி தங்கினாலும் வெள்ளை ஒயின் காரர் கதவைச் சாத்திவிடுவார்.

இன்னொரு முடிச்சு புளிப்பில் இருக்கிறது. பாசிப் புரதங்களில் பல, ஒயினின் பி.எச்.சுக்குப் பக்கத்திலேயே கரையும் தன்மையை இழந்து திரண்டுவிடும். டானினைத் தேடிப் போகும் முன்பே கட்டி தட்டி விழுந்தால் என்ன பிரயோஜனம்? ஆனால் கேசீனும் அப்படித்தானே திரள்கிறது, அது வேலை செய்யவில்லையா? செய்கிறது, வேகமாகக் கலக்கி ஊற்றினால். அதே உத்தி பாசிக்கும் ஒத்துவருமா என்பதைத்தான் குப்பி குப்பியாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெலட்டினில் இருக்கும் அளவு புரோலினும் பாசியில் இல்லை, அதனால் பிடி கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். தளர்ந்த பிடி எப்போதும் குறையுமில்லை. ஜெலட்டின் சில சமயம் ஒயினின் உடம்பையே, அதாவது வாயில் உணரும் கனத்தையே உருவிவிடும்.

பட்டாணிப் புரதமும் கோதுமைப் புரதமும் இந்தத் தேர்வுகளை எல்லாம் எழுதித் தேறிவிட்டன. சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பு 2004லேயே தாவரப் புரதத்துக்கு அனுமதி தந்தது, உருளைக்கிழங்கு பின்னால் வந்து சேர்ந்தது. பாசிப் புரதம் இன்னும் ஆய்வுக்கூட வாசலில்தான் நிற்கிறது.

பசுமை எவ்வளவு பசுமை?

விளம்பரம் போலச் சொல்வதென்றால் அழகாக இருக்கும். பாசிக்கு விளைநிலம் வேண்டாம், உவர்நீர் போதும், கரியமில வாயுவைத் தின்று வளரும். ஒரு லிட்டர் திராட்சைச் சாறு புளிக்கும்போது ஏறக்குறைய 50 லிட்டர் கரியமில வாயு வெளியேறும், நம் வீட்டுத் தண்ணி கேன் இரண்டரை கொள்ளும். அதைப் பக்கத்துத் தொட்டியில் பாசிக்கு ஊட்டி, அந்தப் பாசியின் புரதத்தாலேயே அடுத்த வருட ஒயினைத் தெளிய வைக்கலாம் என்ற யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயிரம் லிட்டர் ஒயினுக்கு, லிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம், வேண்டியது 100 கிராம் புரதம். ஒரு டம்ளரில் அடங்கும். அதே ஒயினை அடைக்க ஆயிரத்து முந்நூறு சொச்சம் கண்ணாடி பாட்டில் வேண்டும், காலி பாட்டில் ஒவ்வொன்றும் அரை கிலோ கனக்கும். பூமிக்குப் பாரம் அந்தக் கண்ணாடிதான். 100 கிராம் முட்டைப் புரதத்தைப் பாசிப் புரதமாக்கி உலகத்தைக் காப்பாற்றிவிட முடியாது. பாசியைத் தண்ணீரிலிருந்து பிரித்து உலர்த்தவும் நல்ல செலவு உண்டு. கடற்பாசியும் வெறும் வரம் இல்லை: மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவை ஒட்டிய பவளப்பாறைகள்மேல் கப்பாபைகஸ் படர்ந்து அவற்றை மூடியது 2008 வாக்கில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு? என் கணக்கில் இரண்டு காரணம். ஒவ்வாமை முதலாவது. முட்டையும் பாலும் பலருக்கு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், ஒயினில் அவற்றின் மிச்சம் தெரிந்தால் லேபிளில் எழுதியாக வேண்டும். இரண்டாவது, சித்தி பையனைப் போன்றவர்கள். அவர்களுக்கு மில்லிகிராம் கணக்கு பேச்சே இல்லை. பயன்படுத்தினாயா இல்லையா, அவ்வளவுதான்.

நம் ஊரில் அவனுக்கு இன்னொரு சிக்கல். பிஸ்கட் பாக்கெட்டில் தேடுகிற பச்சைப் புள்ளியை ஒயின் பாட்டிலில் தேட முடியாது. மதுபானங்களுக்கு அந்தக் குறி கட்டாயமில்லை. வீகன் உணவுக்கென்று 2022இல் விதிகள் வந்திருக்கின்றன, அந்தச் சின்னம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், வடிகட்டாதது, தெளிவிக்காதது என்று எழுதிய பாட்டிலைத் தேடலாம், அல்லது தயாரிப்பாளருக்கே ஒரு வரி எழுதிக் கேட்கலாம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "அப்போ பெரியம்மா ஜாமூன் பாகுல விடுற பால்? அதையும் வழிச்சுத்தானே எடுத்துடறாங்க?" என்றான்.

பாகை விடுடா, அந்த உருண்டையே பால்கோவா என்றேன்.